பத்துக்குப் பத்து

ஆம்பூர் தாண்டி காரை ஓரங்கட்டிவிட்டு
மகிமைதாஸ் பேசினார்:
"சிஸ்டர், பாட்டு நல்லா வந்திருக்கு.
ஆனா ரெண்டாவது சரணத்துல
கதவு கழண்டு விழுந்துடும் போல இருக்கு."

நான் அதை முப்பது தடவை கேட்டிருந்தேன்.
பேஸ் கிடாரில் மூன்றாம் கம்பி, முதல் ஃப்ரெட்,
அந்த ஒரு ஸ்வரம் மட்டும்
என் நாற்காலிவரை வந்ததே இல்லை.
வராத விருந்தாளிக்கு இலை போட்டுக்கொண்டே இருப்பதுபோல
கொஞ்சம் ஏற்றினேன், இன்னும் கொஞ்சம்.
ஏற்றியதெல்லாம் அவர் காரில் போய் உட்கார்ந்திருக்கிறது.

சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ, மாடி.
மேஸ்திரி மனசாட்சியோடு கட்டின அறை:
நீளம் பத்து, அகலம் பத்து, உயரமும் பத்து.
வாஸ்து பார்த்தவருக்குத் திருப்தி.
சுவர்களுக்கும்தான்.
மூன்று ஜோடியும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு
எதிரெதிரே நின்று வடம் இழுக்கின்றன,
அசையாத நடுமுடிச்சில்
ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான்.

இரவல் வாங்கிய அளவு மைக்கை நிறுத்தி
அடியிலிருந்து மேலே ஒரு நீண்ட ஊளையை ஓடவிட்டேன்.
திரையில் கோடு
பாலத்திலிருந்து பார்க்கும் பாலாறு:
மேடு, மேடு, பிறகு லாரி அள்ளிய பள்ளம்.
ஐம்பத்தேழு ஹெர்ட்ஸில் பதினைந்து டெசிபல் ஆழம்.
ஏசியை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தால் ஐம்பத்தெட்டு.
இந்த ஊர் மே மாதத்தில்
சத்தம்கூடக் கால் சுட்டு வேகமாக ஓடுகிறது.

ஈக்வலைசரால் நிரப்பிப் பார்த்தேன்.
ஸ்பீக்கருக்கு மூச்சு வாங்கியது,
பள்ளம் பள்ளமாகவே கிடந்தது.

பிறகு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.
கதவருகில் கொஞ்சம். அலமாரிப் பக்கம் இன்னும் கொஞ்சம்.
வடகிழக்கு மூலையில் குனிந்தபோது
காணாமல்போன ஸ்வரம் மொத்தமும் அங்கே,
கந்துவட்டிக்கு விட்ட பணம்போல்
குட்டி போட்டுக் குவிந்து கிடந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் கட்டில்.
தலைமாடு.
ராணிப்பேட்டையில் பாய்லர் ஷிஃப்ட் முடித்து
காலை ஏழரைக்கு வந்து படுக்கும் தயாளன்
எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்:
"பியூலா, மண்டைக்குள்ள யாரோ மாவு இடிக்கிறாங்க."
எட்டு மாதமும் நான் சொன்ன பதில்:
"எனக்குக் கேக்கலையே."
பொய் இல்லை. திரையில் ஆதாரம் இருக்கிறது.

அவன் எழுந்ததும் அழைத்துவந்து மூலையைக் காட்டினேன்.
குனிந்து காது கொடுக்கவில்லை.
"எனக்குத் தெரியும்" என்றான், டீயை ஆற்றிக்கொண்டே.

முதலில் ஷூ கம்பெனி நுரைத்துண்டுகள் ஒரு மூட்டை வந்தன.
ஒட்டினேன். என் கைதட்டல் செத்துப்போனது.
கீழ் ஸ்வரமோ
திரைச்சீலையை விலக்குவதுபோல் விலக்கிக்கொண்டு போனது.
பாய்லருக்குச் சுற்றுகிற ராக்வுல் இருக்கே, என்றான்,
அவ்வளவு சூட்டையே நிறுத்துது, இதை நிறுத்தாதா?
காரணம் தப்பு. பொருள் சரி.
வாயை மூடிக்கொண்டேன்.

மேனேஜரிடம் எழுதிக்கொடுத்து வாங்கிய மிச்சச் சுருள்கள்,
ஒரு அடி கனத்துக்கு, தரையிலிருந்து தளம்வரை.
குடியாத்தம் லுங்கியில் உறை தைத்தேன்.
மூலைக்கு ஒன்றாய்க்
கட்டம்போட்ட நாலு பூதங்கள் நின்றன.
முழங்கைவரை அரிப்பு, இரண்டு நாள் தேங்காயெண்ணெய்.
நாற்காலியை முன்சுவர்ப் பக்கம்
ஒன்றேகால் அடி இழுத்துப் போட்டேன்.

பதினைந்து இப்போது ஐந்து.
அந்த ஐந்து போகவேண்டுமானால் சுவரை இடிக்கவேண்டும்,
லோகநாதன் சார் அட்வான்ஸைத் தரமாட்டார்.

அதனால்
அவன் ஷிஃப்டில் இருக்கும் இரவுகளில்
பாட்டை ஓடவிட்டு எழுந்துபோய்
அவன் தலையணையில் படுத்துக்கொள்கிறேன்.
அங்கே இடித்தால்
திரும்பி வந்து குறைக்கிறேன்.

புது மிக்ஸ் போனது. மகிமைதாஸ் கூப்பிட்டார்:
"இப்போ பேஸ் கொஞ்சம் கம்மியோ, சிஸ்டர்?"
கண்ணாடியை ஏத்திட்டுக் கேளுங்க பிரதர், என்றேன்.